நான்கு புரி முறுக்கிய ஜெபம்

தனி ஜெபத்தில் உட்கார்ந்த இரண்டாவது நிமிடமே சொல்ல வார்த்தை தீர்ந்துபோகிறவர்களுக்கு, ஜெர்மனியின் திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் 1535-இல் எழுதிய சிறு நூலைவிட உதவியான ஒன்று எனக்குத் தெரியாது. விட்டன்பர்க் நகரின் முடிதிருத்துபவர் பீட்டருக்காக எழுதியது அது.

மனம் வறண்டிருக்கும்போது சொந்த வார்த்தைகளைத் தேடித் தவிக்க வேண்டாம் என்பது அதன் முதல் பாடம். அறைக்குள் போய், முழங்காலிலோ நின்றோ, பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம் (கிறிஸ்தவ விசுவாசத்தைச் சுருக்கிச் சொல்லும் அறிக்கை), வேதாகமத்திலிருந்து ஒரு சங்கீதம் என்று மனப்பாடமாகத் தெரிந்ததைச் சிறுபிள்ளைபோல வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கண்ணால் படித்தால் போதாது. காதில் விழும்போதுதான் சிதறிய மனம் கூடிவரும்.

பிறகு ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு நான்கு புரியாக முறுக்க வேண்டும்: போதனை, நன்றி, பாவ அறிக்கை, விண்ணப்பம். 'களவு செய்யாதிருப்பாயாக' என்பதை எடுத்துக்கொள்வோம். அது என்ன கற்பிக்கிறது? திருடாமல் இருந்தால் மட்டும் போதாது, அடுத்தவர் பொருளும் பிழைப்பும் கெடாமல் காக்கவும் வேண்டும். அடுத்து, என் வீட்டையும் வருமானத்தையும் கர்த்தர் இதுவரை காத்ததற்கு நன்றி. மூன்றாவதுதான் கடினம். வாங்கித் திருப்பாத புத்தகம், வேலைக்கு வருகிறவருக்குக் குறைத்துக் கொடுத்த கூலி, சம்பளம் வாங்கிக்கொண்டு வீணாக்கிய மணிநேரம் எல்லாவற்றையும் பெயர் சொல்லி அறிக்கையிட வேண்டும். 'நான் பாவி' என்று பொதுவாகச் சொல்லி நழுவினால் இந்தப் புரி அறுந்துவிடும். கடைசியாக, அந்தக் கூலியை இன்றே கொடுத்துத் தீர்க்கும் மனதைக் கேட்பது.

பலர் சறுக்குவது முதல் புரியில். போதனை வேதபாடமாக நீண்டு பத்து நிமிடத்தைத் தின்றுவிடும். தேவனிடம் பேசுவதற்குப் பதில் தேவனைப்பற்றி யோசித்துக்கொண்டிருப்போம். இரண்டு வாக்கியத்தில் நிறுத்துங்கள். பத்துக் கட்டளைகளையும் ஒரே நாளில் முடிக்கப் பார்ப்பதும் தவறு. ஒன்றோ, அதில் பாதியோ போதும் என்று லூதரே சொல்கிறார். அடிக்கடி, ஊக்கமாக, சுருக்கமாக ஜெபிப்பதுதான் அவர் விரும்பியது.

நடுவில் ஒரு வசனம் உள்ளே பேச ஆரம்பித்தால் மற்றப் புரிகளை விட்டுவிட்டு அமைதியாகக் கேளுங்கள். அது பரிசுத்த ஆவியானவர் போதிக்கும் நேரம். முறையை முடிக்கவேண்டுமே என்று அவசரப்படாதீர்கள்.

காலையில் முதல் வேலையும் இரவில் கடைசி வேலையும் இதுவாக இருக்கட்டும். 'இதை மட்டும் முடித்துவிட்டு ஒரு மணி நேரத்தில் ஜெபிக்கிறேன்' என்ற நினைப்பைக் குறித்து லூதர் தனியாகவே எச்சரிக்கிறார். அந்த ஒரு வேலை இன்னொன்றை இழுத்துவர, அன்றைய ஜெபம் போய்விடும். முடிக்கும்போது 'ஆமென்' என்பதை முணுமுணுக்காமல், கேட்டது கேட்கப்பட்டது என்று நம்பி உறுதியாகச் சொல்லுங்கள்.