நார்ம் சான்றிதழில் நடுவரின் கையெழுத்து

சதுரங்க நடுவராக இருப்பவரிடம் மோசடியைப் பற்றிப் பேச வருபவர்கள் பெரும்பாலும் கைப்பேசியைப் பற்றியே கேட்கிறார்கள். 2015இல் துபாய் ஓபனில் ஜார்ஜியாவின் கயோஸ் நிகாலித்ஸேயும், 2019இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூரில் இகோர்ஸ் ரௌசிஸும் கழிவறையில் கைப்பேசியைப் பயன்படுத்தியது தெரியவந்து, தடையோடு கிராண்ட்மாஸ்டர் பட்டத்தையும் இழந்தார்கள். இத்தகைய மோசடியில் பறிமுதல் செய்ய ஒரு பொருளாவது இருக்கிறது.

எனக்கு உறுத்தலாக இருப்பது நார்ம் வேட்டைதான். நார்ம் என்பது பட்டத்துக்குத் தேவையான ஆட்டத்திறனை ஒரு போட்டியில் காட்டியதற்கான சான்று. கிராண்ட்மாஸ்டர் ஆக 2500 ரேட்டிங்கும் (ஆட்டக்காரரின் பலத்தைக் குறிக்கும் எண்), பொதுவாக மூன்று நார்ம்களும் வேண்டும்; ஒவ்வொரு நார்முக்கும் 2600 அளவிலான ஆட்டத்திறனைக் காட்ட வேண்டும். கடைசிச் சுற்றில் ஒருவருக்கு அரைப் புள்ளி போதும், எதிரே இருப்பவருக்கோ வென்றாலும் தோற்றாலும் எந்த மாற்றமும் இல்லை என்னும் மேசையை நாங்கள் தனியாகக் கவனிப்போம். முப்பது நகர்த்தலுக்கு முன் டிராவுக்கு உடன்படக் கூடாது என்று விதி வகுத்தால், பெர்லின் தற்காப்பு என்னும் தொடக்க ஆட்டமுறையில் எல்லோரும் அறிந்த வரிசையை ஆடி, ஒரே நிலையை மும்முறை கொண்டுவந்து, விதிப்படியே டிராவாக முடித்துவிடுவார்கள். நகர்த்தலுக்கு முப்பது விநாடி கூடுவதால், ஆட்டம் முடியும்போது கடிகாரத்தில் தொடக்கத்தில் இருந்ததைவிட அதிக நேரம் மீந்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். நகர்த்தல்களை எழுதும் ஸ்கோர்ஷீட்டில் பிழையில்லை, இருவரும் ஒப்பமிட்டிருக்கிறார்கள். சந்தேகத்தை மட்டும் வைத்துக்கொண்டு சான்றிதழில் கையெழுத்திட மறுக்க எனக்கு அதிகாரமில்லை. நேர்மையாகவே களைத்துப்போய் டிரா செய்பவர்களும் இருக்கிறார்கள் என்பதால், அப்படியோர் அதிகாரத்தை நடுவருக்குக் கொடுப்பதும் ஆபத்துதான்.

முடிவை முன்கூட்டியே பேசிவைக்கும் இந்த வழியை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் ருமேனியாவின் அலெக்சாண்ட்ரு கிரிஷான். 1993இல் கிராண்ட்மாஸ்டரான அவருடைய ரேட்டிங், ஜோடிக்கப்பட்ட போட்டி முடிவுகளின் துணையோடு 2635 வரை ஏறியது. 2001இல் ஸ்லோவேனியாவில் நடந்த வித்மார் நினைவுப் போட்டியில் உண்மையான எதிராளிகளோடு ஆடியபோது ஒன்பது ஆட்டங்களில் அரைப் புள்ளிதான் கிடைத்தது. பட்டம் வாழ்நாளுக்கு உரியது, ரேட்டிங் சரிந்தால் பறிபோகாது. ஆகவே அந்தத் தோல்விகளால் மட்டும் அவருடைய பட்டத்தை அசைக்க முடியவில்லை. நிகாலித்ஸேயின் பட்டம் பிடிபட்ட ஆண்டிலேயே போயிற்று. கிரிஷானின் பட்டத்தை உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே நீக்கியதும் அதே 2015இல்தான், வித்மார் போட்டி முடிந்து பதினான்கு ஆண்டுகள் கழித்து.