மூதூரில் ஒரு கல்

1660.

திருகோணமலைப் பக்கத்து மூதூரில் உள்ள நினைவுக் கல்லில் இருந்த அந்த வருடத்தை மருமகன் இன்று விரலால் தடவிக்கொண்டே நின்றான்.

புயலில் பாய்மரம் இழந்த கப்பலோடு நம் கொட்டியாரக் குடாவுக்கு வந்து கண்டி மன்னனின் ஆட்களிடம் பிடிபட்டவர் ஆங்கிலேயக் கேப்டன் ரொபர்ட் நொக்ஸ். அதே பெயருடைய மகனுக்கு அப்போது 19 வயது.

இருவரையும் வைத்த இடம் பண்டாரகொஸ்வத்தை. ஒதுக்குப்புறமான சின்னக் கிராமம். அடுத்த வருடமே அப்பா நோயில் போய்விட்டார்.

உடலைத் தூக்கிப் போக மகன் உதவி கேட்டால், மாடு கட்டும் கயிறு வந்தது. இழுத்துப் போகட்டுமாம்.

மகன் இழுக்கவில்லை. கூலிக்கு ஒருவரைப் பிடித்தான். குழியின் பெரும்பகுதியைத் தன் கையாலேயே வெட்டினான், அதுவும் இறுகிக் காய்ந்த மண்.

பிறகு தப்பிப்போய் அந்த மகன் இலங்கையைப் பற்றி எழுதிய புத்தகத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அந்தக் கயிறு.

"அவரோட அப்பா இன்னும் அங்கதானா மாமா?"

"ஓமடா."

கல்லிலிருந்து அவன் கையை எடுக்கவில்லை.