தாடை வலியாக வந்த மாரடைப்பு

அம்மாவுக்கு மாரடைப்பு வந்தபோது நெஞ்சு வலி இல்லவே இல்லை. பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். மார்கழி விடியலில் வாசல் தெளிக்கப் போனவர் அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். மேல்வயிற்றைப் பிசைகிறது, தாடை இரண்டு பக்கமும் இறுகுகிறது என்றார். அந்தக் குளிரிலும் ரவிக்கை நனைய வியர்த்திருந்தது, கை சில்லென்று இருந்தது.

"ஒண்ணுமில்லடி, வாயுதான். சுக்குக் கசாயம் வை, சரியாயிடும்" என்றார். பெரியம்மா சோடா வாங்கிவரச் சொன்னார். எனக்கு அந்த வியர்வைதான் உறுத்தியது. அம்மாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. சர்க்கரை நாள்பட்டால் நரம்புகள் பாதிக்கப்படும், மாரடைப்பு வந்தாலும் நெஞ்சு வலி தெரியாமல் போகலாம் என்று அவருடைய டாக்டர் முன்பே சொல்லி வைத்திருந்தார். பெண்களுக்கு மூச்சுத்திணறல், குமட்டல், முதுகு வலி, திடீர் அசதி என்றும் வருமாம். நம் வீடுகளில் இதையெல்லாம் யாரும் வலிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பெண்களும் வாய் திறந்து சொல்வதில்லை.

108-ஐ அழைத்தேன். தம்பி பைக்கை எடுத்தான். வேண்டாம் என்று தடுத்தேன். வழியில் இதயம் நின்றுபோனால் பைக்கில் வைத்து என்ன செய்ய முடியும்? ஆம்புலன்ஸில் ஆக்சிஜனும் பயிற்சி பெற்ற ஆளும் இருப்பார்கள். வண்டி வரும்வரை அம்மாவை ஓர் அடிகூட நடக்கவிடாமல் சுவரில் சாய்த்து உட்கார வைத்தோம்.

முதலில் போனது பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு. உள்ளே போனதும் இசிஜி எடுத்தார்கள். பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. "பார்த்தியா, வாயுதான்" என்று அம்மா எழப் பார்த்தார். டாக்டரம்மா விடவில்லை. முதல் இசிஜி நன்றாக இருப்பதாலேயே மாரடைப்பு இல்லை என்று ஆகிவிடாது என்று சொல்லி, சற்று நேரம் கழித்து மறுபடி எடுத்தார். அதில் மாற்றம் தெளிவாகவே தெரிந்தது. இதயத்தின் அடிப்பகுதியில் மாரடைப்பு. இதயத்தின் வலது பக்கமும் பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க, வலது பக்க மார்பிலும் ஒயர்களை மாற்றி ஒட்டி இன்னொரு இசிஜி எடுத்தார்.

தமிழக அரசு 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் வேளை மாத்திரைகள் தருகிறார்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் 8, மொத்தம் 14. ஒவ்வாமை உண்டா, அல்சர் உண்டா, ரத்தக்கசிவு ஏதாவது இருந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார். ஓர் உறவினர் தன் பையிலிருந்த சார்பிட்ரேட் என்ற நெஞ்சு வலி மாத்திரையை எடுத்து, நாக்கடியில் வைக்கலாமே என்றார். டாக்டரம்மா உடனே மறுத்தார். அம்மாவுக்கு பிரஷர் ஏற்கெனவே இறங்கியிருந்தது. இதயத்தின் வலது பக்கமும் பாதிக்கப்பட்டிருக்கும்போது அந்த மாத்திரை பிரஷரை இன்னும் படுக்க வைத்துவிடும். அடுத்தவர் மாத்திரையைக் கொடுப்பது இவ்வளவு ஆபத்து என்று அன்றைக்கு நேரில் பார்த்தேன்.

இசிஜியைப் படம் எடுத்து தஞ்சாவூரில் இதய மருத்துவருக்கு அனுப்பினார்கள். அடைத்த ரத்தக்குழாயைத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டியை இரண்டு மணி நேரத்துக்குள் செய்ய முடியாது என்றால் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை முதலில் போட்டுவிடுவார்களாம். எங்களுக்குத் தூரம் அவ்வளவு இல்லாததால் நேரே தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். ஆதார், குடும்ப அட்டை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை மூன்றும் கையில் இருந்ததால் தம்பி வெளியே காப்பீட்டு வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க, உள்ளே சிகிச்சை தொடங்கிவிட்டது. இதயத்தின் வலது ரத்தக்குழாய் முழுசாக அடைத்திருந்தது. மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, ரத்தக்குழாயைத் திறந்தே வைக்கும் சிறு வலைக்குழாயான ஸ்டென்ட் வைத்தார்கள். அடைப்பு திறந்ததும் தாடை இறுக்கம் விட்டுப்போச்சு என்று அம்மாவே சொன்னாராம்.

இப்போது நடக்கிறார், சமைக்கிறார். ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரைகளையும் குறைந்தது ஒரு வருடமாவது விடாமல் போடச் சொல்லியிருக்கிறார்கள். நடுவில் நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் கட்டிக்கொள்ளலாம். போன மாதம் பல் பிடுங்கப் போன இடத்தில் இரண்டையும் சில நாள் நிறுத்திவிட்டு வரச் சொன்னார்கள். அங்கிருந்தே இதய டாக்டருக்குப் போன் போட்டோம். நிறுத்தவே கூடாது, பல்லைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்.