ஊசி குத்தியும் நான் கற்றுக்கொள்ளாத ஒன்று

எச்.ஐ.வி. நோயாளிகளைப் பராமரிப்பது பற்றி மூன்று நாள் பயிற்சி, ஸ்கில் லேபில் பொம்மைகளை வைத்துச் செய்து பார்ப்பது என்று சொல்லி என் பெயரையும் சேர்த்தபோது, எனக்கு இது எதற்கு என்றுதான் தோன்றியது. பதினோரு வருடமாக ஸ்டாஃப் நர்ஸ். மெடிக்கல் வார்டு, கேஷுவாலிட்டி, மறுபடியும் மெடிக்கல் வார்டு. போதாததற்கு எனக்கே ஊசி குத்தி, 28 நாள் மாத்திரை போட்டு, ஆறு மாதம் காத்திருந்து மீண்டவள் நான். இதற்கு மேல் ஒரு பொம்மை என்ன சொல்லித் தந்துவிடும்?

அந்த ஊசியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

2022, மழைக்காலம், நைட் டியூட்டி. விடியற்காலை மூன்றரை மணிக்கு சாலை விபத்தில் அடிபட்ட ஒருவரைக் கொண்டுவந்தார்கள். கூட வந்தவர்கள் வழியில் பார்த்துத் தூக்கி வந்தவர்கள், சொந்தக்காரர் யாரும் இல்லை. கிராஸ் மேட்ச்சுக்கு, அதாவது ஏற்றப் போகும் ரத்தம் பொருந்துமா என்று பார்க்க, ரத்தம் எடுத்துக் குழாயில் விட்டேன். கையில் ஊசி மிச்சம். பயன்படுத்திய ஊசியைப் போடும் வெள்ளை டப்பா அறையின் அந்தக் கோடியில் இருந்தது. டாக்டர் ஏதோ கேட்டுக் கூப்பிட்டார். மூடியை எடுத்து ஊசிக்கு மாட்டப் போனேன். இரண்டு கையாலும் ரீகேப் செய்யக் கூடாது என்று முதலாம் ஆண்டு மாணவிக்குக்கூடத் தெரியும். இடது ஆள்காட்டி விரலில் குத்தியது.

விரலைப் பிதுக்கத்தான் கை போனது. பிதுக்கக் கூடாது, வாயில் வைக்கக் கூடாது, ஸ்பிரிட்டோ டெட்டாலோ ஊற்றக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். கழுவினேன். அப்புறம் டியூட்டி டாக்டரிடம் சொன்னேன். எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்க 28 நாள் போடும் மாத்திரை ஒன்று உண்டு. அதில் முதல் மாத்திரையை இரண்டு மணி நேரத்துக்குள் போட்டுவிடுவது நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் ஆரம்பிப்பதில் பயனில்லை. ஆனால் மாத்திரை இருந்த அலமாரி பூட்டியிருந்தது, சாவி பகல் டியூட்டிக்காரரிடம். அவரை எழுப்பி, ஆள் அனுப்பி, கைக்கு வந்தபோது மணி ஆறே கால். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்களுக்குப் பாதுகாப்பு உபகரணமும் பயிற்சியும் இந்த மாத்திரையும் கொடுக்க வேண்டியது நிர்வாகத்தின் கடமை என்று 2017-ல் வந்த எச்.ஐ.வி. சட்டமே சொல்கிறது. இதைப் படிக்கிற நர்ஸ்கள் தங்கள் வார்டில் முதல் மாத்திரை எங்கே இருக்கிறது, சாவி இரவில் யாரிடம் என்று இன்றைக்கே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மனிதர் ஐந்து மணிக்கு இறந்துவிட்டார். அவருக்கு எச்.ஐ.வி. இருந்ததா என்று தெரியாமலே போயிற்று. அன்று எனக்கு அவருடைய ரத்தத்தைப் பற்றி மட்டும்தான் நினைப்பு. ஒரு உயிர் போனது என்று ஒரு நிமிடம்கூட நான் நிற்கவில்லை. அது இன்றும் என்னை உறுத்துகிறது.

டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, தினமும் ஒன்று. எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து (ஏ.ஆர்.டி.) தரும் மையத்தில் நோயாளிகள் வாங்கிப் போகும் அதே மாத்திரைதான். தலைவலி, குமட்டல், இரவில் விசித்திரமான கனவுகள். நான் கால்சியம் மாத்திரையும் போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டையும் வெறும் வயிற்றில் சேர்த்துப் போட்டால் டோலுடெக்ராவிர் சரியாக உடம்பில் சேராது என்று எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தில் இருந்த கவுன்சிலர்தான் சொன்னார். எத்தனையோ பேரை அந்த மையத்துக்கு அனுப்பியிருக்கிறேன். அன்றுதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். வாசலில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டேன். வீட்டுக்காரரிடம் சொல்ல இரண்டு நாள் ஆயிற்று. சொன்னதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இதை ஏன் ரெண்டு நாளா தனியாச் சுமந்தே?" ஆறு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று மூன்று முறை ரத்தம் கொடுத்தேன். மூன்றிலும் நெகட்டிவ்.

இவ்வளவையும் கடந்துவிட்டதால் எனக்குப் பயமும் போய்விட்டது, ஒதுக்கும் எண்ணமும் இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையோடுதான் 2023-ல் பயிற்சிக்குப் போனேன்.

முதல் நாள் பெரும்பாலும் வகுப்பு. அதில் இரண்டு விஷயங்கள் மட்டும் மனதில் நின்றன. ஒன்று, 1986-ல் சென்னையில் நடந்தது. பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் நிர்மலா என்ற முதுகலை மாணவி ரத்த மாதிரிகள் எடுத்தார். கிளவுஸ்கூட இல்லாமல் எடுத்து, வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துப் பாதுகாத்தார். வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோதுதான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாகத் தெரியவந்தது. இரண்டாவது, பயிற்சி தந்த மேடம் பலகையில் எழுதிய மூன்று எண்கள்: 30, 3, 0.3. கிருமி உள்ள ஒருவருக்குப் போட்ட ஊசி நம்மைக் குத்தினால், தடுப்பூசி போடாதவருக்குக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி தொற்ற வாய்ப்பு நூற்றுக்கு 30 வரை, ஹெபடைடிஸ் சி என்றால் ஏறக்குறைய 3, எச்.ஐ.வி. என்றால் 0.3. "நீங்க பயப்படுற வரிசை என்ன?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. எங்கள் பயம் அப்படியே தலைகீழ் வரிசையில் இருந்தது.

இரண்டாம் நாள்தான் லேப். அறையில் இரண்டு கட்டில். ஒன்றில் பொம்மை, சிவப்புச் சாயத் தண்ணீர் ஓடும் கையோடு. கேஸ் ஷீட்டில் காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று மட்டும் இருந்தது. இன்னொன்றில் நிஜ மனிதர், நோயாளியாக நடிக்க வந்தவர். அவருடைய கேஸ் ஷீட்டில் எச்.ஐ.வி. பாசிட்டிவ், இரண்டு வருடமாக ஏ.ஆர்.டி., வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலை என்று எழுதியிருந்தது. இருவருக்கும் பல்ஸ், பி.பி. பார்க்க வேண்டும். பொம்மையின் கையில் கேனுலா, அதாவது ட்ரிப் ஏற்றும் சிறு குழாய், போட வேண்டும். நடிப்பவருக்கு மருந்து கொடுத்துப் பேச வேண்டும். பன்னிரண்டு நிமிடம். மூலையில் கேமரா.

நன்றாகத்தான் செய்தேன் என்று நினைத்தேன். கேனுலா முதல் முயற்சியிலேயே போனது. அந்த நேரத்தில் நடிப்பவரின் அண்ணனாக ஒருவர் உள்ளே வந்து, "சிஸ்டர், என் தம்பிக்கு அப்படி என்னதான் வியாதி?" என்று கேட்டார். சொல்லக் கூடாது என்று எனக்குத் தெரியும். "அதெல்லாம் நாங்க சொல்லக் கூடாதுங்க, டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க" என்றேன்.

அப்புறம் எல்லாரும் உட்கார்ந்து வீடியோவைப் பார்த்தோம். டிப்ரீஃபிங் என்பார்கள். மேடம் தவறு எதையும் சுட்டிக்காட்டவில்லை. "என்ன தெரியுது?" என்று மட்டும் கேட்டார்.

தெரிந்தது. நடிப்பவரிடம் போகும்போது ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கிளவுஸ் போட்டிருந்தேன். அவருக்கு ரத்தமே எடுக்கவில்லை, பல்ஸ் பார்க்கத்தான் போனேன். பொம்மைக்குக் கேனுலா போடும்போது ஒரு கையில் மட்டும் கிளவுஸ். நரம்பைத் தொட்டுப் பார்க்க வசதி என்று மற்றதைக் கழற்றியிருந்தேன். சாயத் தண்ணீர் என் வெறும் விரலில் வழிந்தது. துடைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன். இது எதையும் யோசித்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்திருக்கிறது.

பொம்மையின் கேஸ் ஷீட்டின் அடுத்த பக்கத்தை மேடம் அப்போதுதான் திருப்பினார். பரிசோதனை இன்னும் செய்யாதவர், எச்.ஐ.வி. தொற்றிச் சில வாரங்களே ஆனவர். வைரஸ் மிக அதிகமாக இருக்கும் காலம் அது. நான் பயந்து விலகியவருக்கு மருந்தால் வைரஸ் அடங்கியிருந்தது, அவரிடம் அபாயம் மிகக் குறைவு. வெறும் விரலால் தொட்டவரிடம்தான் இருந்தது. எனக்கு 2022-ன் அந்த விடியற்காலை ஞாபகம் வந்தது. என்னைக் குத்திய ஊசியும் பெயர் தெரியாத, எதுவும் தெரியாத ஒருவருடையதுதான். அதிலிருந்து நான் கற்றிருக்க வேண்டியது இதைத்தான். ஆனால் நான் எடுத்துக்கொண்டது பயத்தை மட்டும்.

நோயாளியாக நடித்தவர் அடுத்துப் பேசினார். "பொம்மையோட மணிக்கட்டை முழுசாப் பிடிச்சீங்க. எனக்கு விரல் நுனியால பார்த்தீங்க. நான் நடிக்கத்தான் வந்தேன். ஆனாலும் மனசுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு சிஸ்டர்." அழக் கூடாது என்று நினைத்தேன், முடியவில்லை.

கடைசியாக அந்த அண்ணன் காட்சி. அதில் நான் சரியாகச் செய்ததாகவே நினைத்திருந்தேன். அண்ணனாக வந்தவர் சொன்னார்: "நீங்க குரலைத் தாழ்த்தினதுமே எனக்குப் புரிஞ்சுபோச்சு. சாதாரணக் காய்ச்சல்னா இப்படிச் சொல்ல மாட்டீங்களே." ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன்.

அப்படியானால் வேறு என்னதான் சொல்வது என்று அரை மணி நேரம் வாதாடினோம். ஒருவர் பொய் சொல்லலாம் என்றார். ஒருவர் பேசாமல் நகர்ந்துவிடலாம் என்றார். மேடம் சொன்ன வழி எளிமையானது, ஆனால் சோம்பலுக்கு இடம் தராதது: எல்லா நோயாளியைப் பற்றியும், யார் கேட்டாலும், ஒரே பதில். ஒளிக்க ஒன்றுமே இல்லாத நோயாளிக்கும் அதே பதில், அதே குரலில். தினமும் சொன்னால்தான் அது ரகசியம் போல ஒலிக்காது. கிளவுஸுக்கும் இதே கணக்குதான். ரத்தமோ உடல் திரவமோ படும் வேலை என்றால் யாராக இருந்தாலும் கிளவுஸ்; பல்ஸ் பார்க்க என்றால் யாராக இருந்தாலும் வெறும் கை. நோயின் பெயரைப் பார்த்து மாற்றுவதற்கு இதில் எதுவும் இல்லை.

மூன்றாம் நாள் அதே காட்சியை மறுபடி செய்தோம். எனக்கு நான்கு முறை வேண்டியிருந்தது. மூன்றாவது முறையிலும் கை இரண்டாவது கிளவுஸுக்குப் போனது. பத்து வருடத்துக்கு மேல் இதைப் புத்தகத்தில் படித்திருக்கிறேன், மாணவிகளுக்குச் சொல்லியும் தந்திருக்கிறேன். நான்காவது முறை செய்தபோதுதான் கைக்குப் புரிந்தது. பாடத்திட்டத்தில் இந்த மாதிரிப் பயிற்சிக்கு இப்போது இடம் தருகிறார்கள். வேலையில் இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கும் வருடத்துக்கு ஒரு முறையாவது இது கிடைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

வார்டுக்குத் திரும்பிய வாரம், ஊசி டப்பாவை டிராலியிலேயே கட்டி வைத்தேன், கட்டிலுக்குக் கட்டில் கூடவே வரும்படி. கேஸ் ஷீட் அட்டையில் நோயின் பெயரைச் சிவப்பு மையில் பெரிதாக எழுதும் வழக்கத்தை நிறுத்தப் பேசியபோது கொஞ்சம் மனஸ்தாபம் வந்தது. பாதி ஜெயித்தேன்.

ஒருநாள் டைஃபாய்டு பையன் ஒருவனின் மாமா வந்து, "பையனுக்கு என்ன சிஸ்டர்?" என்று கேட்டார். "காய்ச்சல் குறைஞ்சிருக்கு, நல்லா சாப்பிட்டான். மத்தபடி யாரைப் பத்தியும் அவங்க சம்மதம் இல்லாம சொல்றதில்லண்ணே, பையனோட அம்மாகிட்ட கேட்டுக்குங்க" என்றேன். அவருக்குக் கோபம். "டைஃபாய்டுதானே, இதுல என்ன ரகசியம்?" என்று சத்தம் போட்டார். "எங்க வார்டுல எல்லாருக்கும் இப்படித்தாண்ணே" என்று திரும்பவும் சொன்னேன்.

மூன்றாவது கட்டிலில் இருந்தவர் இதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நிமோனியா என்று சேர்ந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. மதியம் ட்ரிப் மாற்றப் போனபோது, தலையணை உறைக்குள்ளிருந்து ஒரு மாத்திரை டப்பாவை எடுத்து என் கையில் வைத்தார். லேபிள் பாதி கிழித்திருந்தது. இருந்தாலும் பார்த்ததும் தெரிந்தது, 28 நாள் நான் போட்ட அதே மாத்திரை.

"ரெண்டு நாளாப் போடலை சிஸ்டர். பக்கத்துல எல்லாரும் பார்க்கிறாங்க. இது உங்ககிட்ட இருக்கட்டுமா?"

டாக்டரிடம் சொல்லி அன்றே மறுபடி ஆரம்பித்தோம். இரவு ஒன்பது மணிக்கு எல்லாருக்கும் மாத்திரை கொடுக்கும் நேரம். எல்லாருக்கும் கொண்டுபோகும் அதே சின்ன பிளாஸ்டிக் கிண்ணத்தில் அவருடையதையும் போட்டு, முதல் கட்டில், இரண்டாவது கட்டில் என்று வரிசையாகக் கொடுத்துக்கொண்டு போனேன்.