களமும் காட்சியும், பாத்திரமும் வேடமும்

நாடகத்தைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் முதலில் தடுமாறுவது ‘காட்சி’ என்ற சொல்லில்தான். அச்சில் ‘காட்சி 3’ என்றால் அது பிரதியின், அதாவது எழுதப்பட்ட நாடகத்தின், ஒரு பகுதி. ‘அந்தக் காட்சி கண்ணிலேயே நிற்கிறது’ என்றால் அது மேடையில் கண்டது. இரண்டையும் ஒரே பத்தியில் கலந்துவிட்டால், எழுதியவர் புத்தகத்தைச் சொல்கிறாரா, அன்று இரவு நடந்ததைச் சொல்கிறாரா என்பது படிப்பவருக்குப் பிடிபடாது. பழைய நாடக ஆசிரியர்கள் பெரிய பிரிவை அங்கம், அதன் உட்பிரிவைக் களம் என்று பிரித்தார்கள். 1891இல் வெளிவந்த மனோன்மணீயம் அப்படித்தான் ஐந்து அங்கங்களாக இருக்கிறது. பிரதியின் பகுதிக்குக் களம், கண்ணால் கண்டதற்குக் காட்சி என்று வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

அடுத்த சிக்கல் பாத்திரம். ‘கர்ணன் மிகவும் தளர்ந்துபோயிருந்தான்’ என்று ஒருவர் எழுதுகிறார். எந்தக் கர்ணன்? போர்க்களத்தில் சாகப்போகும் கர்ணனா, விடிய விடிய ஆடிவிட்டு விடியற்காலையில் களைத்து நிற்கும் ஆட்டக்காரரா? தெருக்கூத்தில் இதற்குத் துல்லியமான சொல் இருக்கிறது: வேடம். பாத்திரம் பிரதியில் கிடக்கிறது. வேடம் உடம்பில் கட்டப்படுகிறது. ‘கர்ண வேடம் கட்டுறார்’ என்றுதான் கூத்துக்காரர்கள் சொல்வார்கள். கட்டுவது வெறும் துணியை மட்டும் அல்ல. கிரீடம், புஜகீர்த்தி என்னும் தோளணி, மார்புப் பதக்கம் எல்லாம் மரத்தில் செய்தவை, கண்ணாடித் துண்டு பதித்தவை. அவற்றைக் கட்டிக்கொண்டவர் நம்மைப்போலக் கழுத்தை மட்டும் திருப்பிப் பார்க்க முடியாது. உடம்பு முழுவதும் திரும்பும். அந்தத் திரும்பலைக் ‘கர்ணனின் கம்பீரம்’ என்று மட்டும் எழுதினால் பாதிதான் சொன்னதாகும். பிரதி பாத்திரத்தைப் பற்றி என்ன சொல்கிறது, ஒப்பனையும் அணியும் உடம்பை என்ன செய்ய வைக்கின்றன, நடிகர் தாமாக என்ன சேர்த்தார் என்று மூன்றையும் தனித்தனி வாக்கியங்களில் எழுதிப் பழகவேண்டும். முதல் பத்துப் பன்னிரண்டு தடவை சலிப்பாகத்தான் இருக்கும். பிறகு கண் தானாகவே பிரித்துப் பார்க்கும்.

பிரதியை மூன்று முறை படிப்பது நல்லது. முதல் முறை ஒரே மூச்சில், நிறுத்தாமல், கதைப்பின்னலுக்காக. இரண்டாம் முறை வசனத்தை விட்டுவிட்டு மேடைக் குறிப்புகளை மட்டும். யார் எப்போது வருகிறார், எப்போது போகிறார் என்று ஒரு தாளில் கட்டம் போடுங்கள்: குறுக்கே களங்கள், நெடுக்கே பாத்திரங்கள். மேடையில் இருந்தால் ஒரு கோடு, பேசினால் அதன்மேல் ஒரு புள்ளி. கோடு இருந்து புள்ளி இல்லாத கட்டங்கள்தான் உண்மையான வேலை தொடங்கும் இடம். தாளில் படிக்கும்போது பேசாதவர் காணாமல் போய்விடுகிறார். மேடையில் அவர் போவதில்லை, அங்கேயே நிற்கிறார். பாஞ்சாலியை இழுத்துவரும் சபையில் பீஷ்மரும் துரோணரும் வாய் திறக்காத நேரம் புத்தகத்தில் வெறும் வெள்ளைத் தாள். மேடையேற்றும்போது அவர்களை உட்கார வைப்பதா, எந்தப் பக்கம் பார்க்கச் சொல்வது, அல்லது அவர்களே இல்லாமல் பார்வையாளர்களையே சபையாக ஆக்கிவிடுவதா என்று இயக்குநர் முடிவெடுத்தே ஆகவேண்டும். மூன்றாம் முறை இன்னொருவரோடு சேர்ந்து வாய்விட்டுப் படிக்கவேண்டும். வாயில் தடுக்கும் வரிகளும் மூச்சு பிடிக்காத வரிகளும் அப்போதுதான் தெரியும்.

வசனத்துக்கு அடியில் ஓடுவதை உட்பொருள் என்கிறோம். இந்தச் சொல் தாராளமாகப் புழங்குகிறது, ஆனால் எங்கே இருக்கிறது என்று சுட்டிக்காட்டச் சொன்னால் பலருக்குக் கை ஓடாது. அம்மாவும் மகனும் பேசும் நான்கு வரிகளை எடுத்துக்கொள்வோம்.

‘எப்ப வந்த?’
‘இப்பத்தான்.’
(மௌனம்)
‘சாப்பிட்டியா?’
‘ம்.’

நிறுத்தாமல் படித்தால் ஐந்து விநாடி. ஏதோ மனத்தாங்கல் இருக்கிறது என்பதற்கு மேல் தாளில் ஒன்றும் இல்லை. மேடையில் அந்த மௌனத்துக்கு அளவு உண்டு. இரண்டு விநாடி என்றால் அது வெறும் தயக்கம். ஆறு விநாடி என்றால் இருவருக்கும் இடையில் நடந்த எதுவோ உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஆனால் அந்த ஆறு விநாடியில் ஏதாவது ஒன்று நடந்துகொண்டிருக்க வேண்டும்: அம்மா டம்ளரை எடுத்துவைக்கிறாள், மகன் செருப்பைக் கழற்றாமல் நிற்கிறான். ஒன்றுமே நடக்கவில்லை என்றால் நடிகர் வசனத்தை மறந்துவிட்டார் என்றுதான் கூட்டம் நினைக்கும். முன்வரிசையில் யாராவது இருமுவார்கள். ஆகவே ‘இங்கே ஆழமான உட்பொருள் இருக்கிறது’ என்று எழுதுவதைவிட, ‘செருப்பு காலிலேயே இருக்கும்போது சாப்பிட்டியா என்று கேட்கிறாள்’ என்று எழுதுவது மேல். இவன் தங்க வரவில்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அதற்கு அடுத்த வரியில் சொல்லலாம்.

மேடையின் வலமும் இடமும் நடிகருக்கு உரியவை, பார்வையாளருக்கு அல்ல. கூட்டத்தைப் பார்த்து நிற்கும் நடிகரின் வலக்கைப் பக்கம்தான் மேடை வலம். விமர்சனங்களில் மிக அதிகம் தவறுவது இதுதான். நாற்காலியில் உட்கார்ந்தபடி எழுதுவதால் எல்லாம் தலைகீழாகிவிடும். முன், நடு, பின் என மூன்று. வலம், மையம், இடம் என மூன்று. ஆக ஒன்பது கட்டம். ஒத்திகைப் பிரதியில் ஒவ்வொரு நகர்வும் இந்தக் கட்டங்களால்தான் குறிக்கப்படுகிறது. ஒரு பக்கம் வசனம், எதிர்ப் பக்கம் வெற்றுத் தாள், அதில் பென்சிலால் நகர்வு, ஒளி, ஒலிக்கான க்யூ, அதாவது எப்போது தொடங்கவேண்டும் என்ற குறிப்பு. பேனாவால் எழுதக்கூடாது, கடைசி ஒத்திகை வரை மாறிக்கொண்டே இருக்கும். அச்சுப் பிரதிக்கும் நிகழ்வுக்கும் நடுவே இருக்கும் இந்த மூன்றாவது ஆவணத்தை ஆய்வு செய்கிறவர்கள் கேட்டு வாங்கிப் பார்ப்பதே இல்லை. அது பெரிய இழப்பு.

கூத்து ஆடும் இடமான களரியில் ஒன்பது கட்டம் செல்லாது. மூன்று பக்கமும் ஜனம் உட்கார்ந்திருக்கும். பின்னால் மத்தளம், முகவீணை என்னும் ஊதுகருவி, ஆர்மோனியம், பின்பாட்டுக்காரர்கள். அங்கே முக்கியமான எல்லை திரை. இருவர் கையில் பிடித்திருக்கும் ஒரு துணிதான். அதன் பின்னாலிருந்து பாட்டு வருகிறது. மேலே கிரீடத்தின் நுனி, கீழே சலங்கைக் கால். கூத்தை நடத்திச்செல்லும் கோமாளியான கட்டியங்காரன் யாரென்று விசாரிக்கிறான். அச்சில் இந்த இடம் ஒரு விருத்தமும் தரு என்னும் ஒரு கூத்துப் பாட்டும், அரை நிமிட வாசிப்பு. களரியில் பத்து நிமிடமும் ஆகலாம். முகத்தை மறைத்துவைத்தே வேடத்தின் அளவைப் பெருக்கிக்காட்டும் இந்த உத்தியை ‘நுழைவு’ என்று ஒரு வார்த்தையில் கடந்துபோவது அநியாயம்.

திரைக்கும் மேடைக்கும் தமிழில் சொல் புதிதல்ல. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று அரங்குக்கு அளவு தருகிறது. ஒரு கோல் என்பது 24 விரல். ஒரு விரலைத் தோராயமாக ஓர் அங்குலம் என்று வைத்தால் 14 அடிக்கு 16 அடி, 2 அடி உயர மேடை. பலகைக்கும் மேலே உத்தரத்துக்கும் நடுவே நான்கு கோல், அதாவது 8 அடி. தூணின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கு வைக்கச் சொல்கிறது. திரைக்கு அதில் எழினி என்று பெயர்: ஒரு பக்கமிருந்து இழுப்பது ஒருமுக எழினி, இரு பக்கமிருந்தும் வந்து சேர்வது பொருமுக எழினி, மேலிருந்து இறங்குவது கரந்துவரல் எழினி. ஒளி, நிழல், திரை என்று இன்றைக்கு அரங்க அமைப்பில் கவனிக்கிற எல்லாமே இதில் இருக்கின்றன. எழினி என்ற சொல்லை நாம் ஏன் கைவிட்டோம் என்ற வருத்தம் இதைப் படிக்கும்போதெல்லாம் வருகிறது.

நிகழ்வைப் பார்க்கும்போது முதல் முறை ஒன்றும் எழுதவேண்டாம். நோட்டைப் பார்க்கிற கண் மேடையைப் பார்க்காது. வீடு திரும்பிய அன்றிரவே நினைவில் நிற்கும் பத்துத் தருணங்களை எழுதிவிடுங்கள். தூங்கி எழுந்தால் பாதி போய்விடும். இரண்டாம் முறை போக முடிந்தால் தாளில் நெடுக்கே மூன்று பத்திகள் பிரித்துக்கொள்ளுங்கள்: நேரம், கண்டது, கேட்டது. ‘அற்புதம்’, ‘உருக்கம்’ போன்ற சொற்களுக்கு அந்தத் தாளில் இடமில்லை. கூட்டம் எங்கே சிரித்தது, எங்கே நெளிந்தது என்பதும் கேட்டதில்தான் சேரும்.

ஸ்பெஷல் நாடகத்துக்குப் போகிறவர்கள் அச்சுப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்த்தால் ஏமாந்துபோவார்கள். வெவ்வேறு ஊர்களிலிருந்து நடிகர்கள் அன்று மாலைதான் வந்து சேர்வார்கள், கூட்டு ஒத்திகை கிடையாது. வள்ளி திருமணத்தில் பாட்டுகளின் வரிசை எல்லோருக்கும் தெரியும். வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கமோ அந்த இரவில், அந்த மேடையில்தான் உருவாகிறது. அங்கே பிரதியை ஒதுக்கிவைத்துவிட்டு, யார் பாட்டை எடுத்தார், ஆர்மோனியம் எங்கே சுருதி கொடுத்து அவரை மறித்தது, எந்தக் கேள்விக்கு எதிராளி இரண்டு விநாடி பின்வாங்கினார் என்று குறித்துக்கொள்ளவேண்டும்.