மூன்று வாரம் ரேடியோவைக் குறை சொன்னேன்

புகார்ப் புத்தகத்தில் அதே வரி மூன்றாவது முறையாக வந்திருந்தது: "தூரம் போனால் எதிர்முனை சரியாகக் கேட்கவில்லை." முந்தைய இரண்டு புகார்களுக்கும் எதிரில் என் கையெழுத்தில் ஒரே பதில்: "தரையில் சோதித்தேன். கோளாறு இல்லை."

நான்கு பேர் உட்காரும் ஒற்றை இன்ஜின் பயிற்சி விமானம் அது. நான் அங்கே ரேடியோ, மின்சார வேலைகளைப் பார்ப்பவன். முதல் புகார் வந்தபோது ரேடியோவைக் கழற்றி பெஞ்சில் வைத்து அளந்தேன். எல்லா அளவும் சரியாக இருந்தது. இரண்டாவது முறை ஆன்டெனா கேபிளை முழுக்கப் பார்த்தேன். கனெக்டர்களைச் சுத்தம் செய்தேன். சந்தேகத்துக்கு ஒன்றை மாற்றியும் போட்டேன். மூன்றாவது புகாருக்கு, அதே மாடல் ரேடியோ உள்ள இன்னொரு விமானத்தோடு பெட்டியையே மாற்றினேன். புகார் பெட்டியோடு போகவில்லை, விமானத்திலேயே தங்கிவிட்டது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நோய்க்குப் பார்ப்பதா பேய்க்குப் பார்ப்பதா என்ற நிலைக்கு வந்திருந்தேன்.

"நீங்க ஹேங்கர் வாசல்ல உக்காந்து கேட்டா எல்லாம் நல்லாத்தான் கேக்கும் சார். ஒரு நாள் கூட வாங்க" என்றார் பயிற்றுநர்.

போனேன். பின் இருக்கையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் பயணத்தில் ஒன்றுமில்லை. இரண்டாவது பயணத்தில், சற்று உயரம் போனதும், தூரத்து விமான நிலையம் ஒன்று திரும்பத் திரும்ப ஒலிபரப்பும் வானிலை அறிவிப்பை ரேடியோவில் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். மெலிதாகத்தான் வந்தது, ஆனால் ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. காற்றின் திசை, வேகம், அழுத்தம் என்று போய்க்கொண்டிருந்த குரல் பாதி வாக்கியத்தில் நின்றது. கரகரப்பு இல்லை, இரைச்சல் இல்லை. பேசிக்கொண்டிருந்தவர் முகத்தில் யாரோ கதவைச் சாத்தியது போல ஒரு நிசப்தம்.

முன்னால் எட்டிப் பார்த்தேன். மாணவர் தொடையில் கட்டியிருந்த டேப்லெட்டில் அப்போதுதான் கேபிளைச் செருகியிருந்தார். மறுமுனை, சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் நீல விளக்கு எரிய உட்கார்ந்திருந்த ஒரு சின்ன சார்ஜர்.

"தம்பி, அதைக் கொஞ்சம் பிடுங்குங்க."

பிடுங்கினார். குரல் திரும்ப வந்தது. செருகச் சொன்னேன், போயிற்று. ஐந்து முறை செய்து பார்த்தோம், ஐந்து முறையும் அப்படியே. பயிற்றுநர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று வாரக் கணக்கு மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

தரையில் ஏன் அகப்படவில்லை என்பது அப்புறம் யோசித்தால் எளிது. டேப்லெட்டுகள் காலையில் முழு சார்ஜோடு வரும். இரண்டாவது, மூன்றாவது பயணத்தில்தான் செருகுவார்கள். நான் சோதிக்கும்போது விமானத்தில் டேப்லெட்டே இருக்காது. சாக்கெட்டில் சார்ஜர் மட்டும் சும்மா உட்கார்ந்திருக்கும். கரன்ட் இழுக்காத சார்ஜர் பெரும்பாலும் சாதுவாகத்தான் இருக்கும். தவிர, இந்த அலைகள் நேர்க்கோட்டில் போகிறவை. தரையில் நிற்கும்போது பக்கத்து டவர் மட்டும்தான் கேட்கும், அதுவும் காது கிழிய. அவ்வளவு பலமான சிக்னலை எந்தச் சார்ஜராலும் மூழ்கடிக்க முடியாது.

விமானிகள் பேசும் ரேடியோ 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை. பண்பலை வானொலி முடிகிற 108-க்கும் இதற்கும் நடுவில் இருப்பது வழிகாட்டும் கருவிகளுக்கான இடம். இத்தனை வருடத்துக்குப் பிறகும் விமானப் பேச்சு, அலையின் பலத்தை ஏற்றி இறக்கிக் குரலை அனுப்பும் பழைய ஏஎம் முறையில்தான் போகிறது. பண்பலை முறையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் பலமானவர் குரல் மட்டும் கேட்கும், மற்றவர் இருந்ததே தெரியாது. ஏஎம்மில் இரண்டும் மோதி ஒரு கீச்சொலி எழும். யாரோ குறுக்கே பேசினார்கள் என்பதாவது தெரியும். அந்த நன்மைக்கு விலை, பக்கத்தில் கிளம்பும் மின் இரைச்சலுக்கும் ஏஎம் ரேடியோ காது கொடுக்கும் என்பது.

சார்ஜருக்குள் நடப்பது இதுதான். விமானத்தின் மின்சாரம் 14 அல்லது 28 வோல்ட். டேப்லெட்டுக்கு வேண்டியது 5 வோல்ட். ஒரு டிரான்சிஸ்டர் நொடிக்குச் சில லட்சம் முறை திறந்து மூடி அதை இறக்குகிறது. 300 கிலோஹெர்ட்ஸில் அடிக்கும் சார்ஜரை எடுத்துக்கொள்ளுங்கள். அது 300-ல் மட்டும் சத்தம் போடாது. 600, 900 என்று அதன் மடங்குகள் எல்லாவற்றிலும் போடும். நானூறாவது மடங்கு சரியாக 120 மெகாஹெர்ட்ஸ். மேலே போகப் போகப் பலம் குறையும், உண்மைதான். ஆனால் டிரான்சிஸ்டர் சில நானோ நொடிகளில் திறந்து மூடுவதால் அவ்வளவு உயரத்திலும் மிச்சம் இருக்கும். சீப்பின் பற்கள் மாதிரி, 118-க்கும் 137-க்கும் இடையில் மட்டும் அறுபதுக்கு மேற்பட்ட பற்கள். சார்ஜர் சூடானால் அந்த 300 கொஞ்சம் நகரும். உடனே சீப்பே நகர்ந்துவிடும். காலையில் சுத்தமாக இருந்த அலைவரிசை மதியம் கெட்டுப்போவதன் ரகசியம் இதுதான். இதைத் தெரிந்துகொள்ளாமல் எத்தனை விமானிகளிடம் "உங்க காதுல ஏதோ" என்கிற தொனியில் பேசியிருக்கிறேனோ.

அந்தச் சத்தத்தை வெளியே கொண்டுபோவது கேபிள். 125 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 2.4 மீட்டர், கால் அலை 60 சென்டிமீட்டர். சாக்கெட்டிலிருந்து தொடை வரை ஓடும் ஒரு கேபிள் ஏறக்குறைய எவ்வளவு நீளம் என்று நினைத்துப் பாருங்கள். வேண்டுமென்றே ஆன்டெனா செய்தாலும் இவ்வளவு பொருத்தமாக அமையாது.

சரி, இரைச்சல் உள்ளே போனால் காதில் கேட்க வேண்டாமா? பழைய ரேடியோவில் கேட்கும். யாரும் பேசாதபோது இரைச்சல் காதில் விழாமல் அடைத்துவைக்கும் ஸ்குவெல்ச் என்ற பகுதி, இப்போதைய ரேடியோக்களில் தானியங்கி. சிக்னல் பின்னணி இரைச்சலைவிட இவ்வளவு மேலே நின்றால்தான் ஸ்பீக்கருக்கு வழிவிடும். சார்ஜர் பின்னணியை உயர்த்தினால், மெலிந்த குரல் அந்த வாசற்படியைத் தாண்டாது. ரேடியோ வாயை மூடிக்கொள்ளும். விமானிக்கோ, "இன்னிக்கு அலைவரிசை அமைதியா இருக்கு" என்று தோன்றும். கரகரவென்று சத்தம் போடும் சார்ஜர் பரவாயில்லை, யாராவது எரிச்சலில் பிடுங்கிவிடுவார்கள். இந்த ஊமைச் சார்ஜர்தான் என்னைப் பயமுறுத்துகிறது.

"ஆனா இதுல சான்றிதழ் முத்திரை எல்லாம் இருக்கே அண்ணே" என்றான் என்னோடு வேலை பார்க்கும் பையன். நல்ல கேள்வி. அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி வீட்டுக் கருவிகளுக்கு வைத்திருக்கும் வரம்பு, இந்த அலைவரிசைப் பகுதியில், 3 மீட்டர் தூரத்தில் மீட்டருக்கு 150 மைக்ரோவோல்ட். பக்கத்து அறையில் இருக்கும் வானொலியைக் காப்பாற்ற அது போதும். விமான ரேடியோ சில மைக்ரோவோல்ட் சிக்னலிலிருந்தே பேச்சைப் பிரித்தெடுக்கிறது. அதன் ஆன்டெனாவோ சார்ஜருக்கு நேர் மேலே, கூரையில். உலோக உடம்பு கொஞ்சம் தடுக்கும், ஆனால் ஜன்னல்கள் அலைக்குத் திறந்த வழிதான். கண்ணாடி இழை உடம்பு விமானத்தில் அந்தத் தடுப்பும் கிடையாது. முத்திரை பொய் சொல்லவில்லை. அது பதில் சொன்ன கேள்வி வேறு.

கண்டுபிடித்த உற்சாகத்தில் ஒரு அசட்டுத்தனமும் செய்தேன். திறந்து மூடும் அந்த ஸ்விட்சிங் இருந்தால்தானே சத்தம், திறந்து மூடாமலே வோல்ட்டை இறக்கும் பழைய லீனியர் ரெகுலேட்டரைப் போட்டால்? போட்டேன். ரேடியோ அப்படியொரு நிம்மதியாக இருந்தது. ஆனால் 14-லிருந்து 5-க்கு இறக்கி 2 ஆம்பியர் கொடுத்தால் மிச்ச 9 வோல்ட்டும் வெப்பமாகத்தான் போக வேண்டும்: 18 வாட். டேப்லெட்டுக்குப் போவது 10 வாட். உள்ளங்கை அகல அலுமினியத் துண்டில் பொருத்தியிருந்தும் ஐந்து நிமிடத்தில் தொட முடியவில்லை. 28 வோல்ட் விமானத்தில் அது 46 வாட் ஆகும். கழற்றி அலமாரியில் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அடுத்து ஃபெரைட் உருளைகள். கேபிளில் கிளிப் மாதிரி மாட்டுகிறோமே, அவை. கேபிளின் எல்லாக் கம்பிகளும் சேர்ந்து ஒரே திசையில் சுமந்து போகும் இரைச்சலை அவை நெரிக்கும். சார்ஜ் ஆகும் கரன்ட் போகவும் வரவும் இருப்பதால் அதைத் தொடாது. நல்ல பொருள்தான். ஆனால் சிலர் தாயத்து கட்டுவது போல எங்கே வேண்டுமானாலும் கட்டுகிறார்கள். சார்ஜரை ஒட்டினாற்போல் மாட்ட வேண்டும். டேப்லெட் பக்கம் மட்டும் மாட்டினால் நடுவிலுள்ள கேபிள் முழுக்க ஆன்டெனாவாகவே இருக்கும். இரண்டு மூன்று சுற்றுக்கு மேல் வேண்டாம். இந்த அலைவரிசையில் சுற்றுகளுக்கு இடையிலேயே இரைச்சல் தாவிப் போய்விடும். 43 அல்லது 31 என்று கலவை எண் தெரிந்து வாங்குவது உத்தமம். எண் இல்லாதது எந்த அலைவரிசைக்கானது என்று அதைச் செய்தவருக்குத்தான் வெளிச்சம். இன்னொன்றும் உண்டு. சார்ஜரின் இரைச்சல் சாக்கெட் வழியாகப் பின்னால், பேனலுக்குள் ஓடும் மின்கம்பிக்கும் போகிறது. அந்தப் பக்கத்துக்கு யூஎஸ்பி கேபிளில் மாட்டிய ஃபெரைட் ஒன்றும் செய்யாது.

முறையான வழி, விமானத்துக்கென்றே சோதித்த சார்ஜரைப் பேனலில் பொருத்துவது. விமானக் கருவிகளுக்குத் தரம் வகுக்கும் அமெரிக்க அமைப்பான ஆர்டிசிஏவின் டிஓ-160 என்ற தரத்தில் 21-ஆம் பிரிவு ரேடியோ உமிழ்வைப் பற்றியது. அதன் கடுமையான வகைகளில், விமான ரேடியோக்கள் கேட்கும் அலைவரிசைகளில் மட்டும் வரம்பு பள்ளம் விழுந்தது போல இன்னும் கீழே இறங்கும். விலை கண்ணைக் கட்டும். எங்கள் விமானங்களில் ஒன்றுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. மற்றவற்றுக்கு நான் சொன்னது, இரவே சார்ஜ் போடுங்கள், நடுவில் இறங்கும்போது சுவரில் செருகுங்கள். பவர்பேங்கும் ஒரு வழி. அதற்குள்ளும் ஸ்விட்சிங் உண்டு, ஆனால் விமானத்தின் கம்பிகளோடு உறவு இல்லை என்பதால் பாதித் தொல்லை குறையும். அதை வெயிலில், கண்ணாடிக்கு அடியில் மட்டும் வைக்கக் கூடாது. டேப்லெட்டுக்கும் அதேதான்: ஐபேட் 35 டிகிரி வரைதான் தாங்கும் என்று அதைச் செய்தவர்களே எழுதியிருக்கிறார்கள். வெயிலோடு சார்ஜின் சூடும் சேர்ந்தால் வரைபடம் இருக்க வேண்டிய இடத்தில் தெர்மாமீட்டர் படம் வந்து நிற்கும்.

இப்போது யார் புதுச் சார்ஜர் கொண்டுவந்தாலும் விமானத்தை வெளியே நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஸ்குவெல்ச்சைக் கையால் திறந்துவிடுவேன். 'ஷ்...' என்று ஒரு சீரான சத்தம் வரும். பாதிக்குமேல் காலியான டேப்லெட்டைச் செருகி, அலைவரிசைகளை ஒவ்வொன்றாக நகர்த்துவேன். சீப்பின் பல் இருக்கும் இடத்தில் அந்த 'ஷ்' தடித்து, தகரத்தில் மணல் கொட்டுவது மாதிரி ஆகும். இதில் தேறினால் வானத்தில், தூரத்து வானிலைக் குரலோடு இரண்டாவது பரீட்சை.

அப்படி இரண்டிலும் தேறிய சார்ஜர் ஒன்று இருந்தது. ஒரு மூத்த விமானியுடையது. அவருக்கு அதில் பெருமை. சில மாதம் கழித்து அதே கடையில் அதே மாதிரி இன்னொன்று வாங்கி வந்தார். "இதுக்கெல்லாம் டெஸ்ட் வேண்டாம், அதோட தம்பிதான்." செருகியதும் மணல் கொட்டியது.

இரண்டையும் திறந்து மேசையில் பக்கம் பக்கமாக வைத்தேன். ஒரே பலகை, ஒரே அச்சு. முதலாவதில், மின்சாரம் நுழையும் இடத்தில் எல்1 என்று எழுதியிருந்த கட்டத்தில் இரைச்சலைத் தடுக்கும் பட்டாணி அளவு கம்பிச் சுருள் உட்கார்ந்திருந்தது. இரண்டாவதில் அதே எல்1 கட்டத்தில் ஒரு கம்பித் துண்டை வளைத்துப் பற்றவைத்திருந்தார்கள்.

அவர் மூடிகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஒரு எழுத்துகூட மாறவில்லை. "மூடிட்டா எது எதுன்னு எப்படிப்பா தெரியும்?"

"தெரியாது கேப்டன்" என்றேன். நல்லதை மூடி, முதுகில் பச்சை பெயின்ட்டால் ஒரு புள்ளி வைத்துக் கொடுத்தேன்.