ஆறாவது வாஷர்

மார்ச் 3
வண்டி இன்ஜினின் பின்பக்கம் ஆயில் சொட்டுகிறது, ஆனால் அளவு பார்க்கும் குச்சியில், அதான் டிப் ஸ்டிக்கில், ஆயில் குறையவே இல்லை. இரண்டு நாளாக மண்டையைக் குடைந்த விஷயம். இன்று குச்சியை எடுத்து முகர்ந்தேன். டீசல் வாடை. விரலில் தேய்த்தால் பிசுபிசுப்பே இல்லை. டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களில் ஏதோ ஒன்றின் முனை, நாசில், சரியாக மூடாமல் ஒழுகி, டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து, பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே ஆயிலோடு சேர்ந்திருக்கிறது. சொட்டிப் போன ஆயிலுக்கு ஈடாக டீசல்! இத்தனை நாள் பேரிங் எதில் ஓடியதோ.

மார்ச் 4
இன்ஜெக்டர்களில் மிஞ்சும் டீசல் திரும்பிப் போகும் ரிட்டர்ன் லைனில் ஆளுக்கொன்றாக ஆறு பாட்டில் மாட்டினேன். நான்காவது மட்டும் மற்றதைவிட இரண்டு மடங்கு நிரம்பியது. இன்ஜெக்டர் ஆறும் ஒரே வயது. எல்லாவற்றையும் மாற்றிவிடலாம்.

மார்ச் 5
சொட்டுகிற பின்பக்கத்தை எட்ட கியர்பாக்ஸை இறக்கினேன். கிளட்ச் பிளேட் ஆயிலில் ஊறிக் கிடக்கிறது.

மார்ச் 6
பழைய இன்ஜெக்டர் ஆறும் கழன்று வந்துவிட்டன. அவற்றின் அடியில் கேஸ் கசியாமல் அடைக்கும் செம்பு வாஷர் ஐந்துதான் கூடவே வந்தது. நான்காவது குழியில் டார்ச் அடித்தால் ஒரே கரி. அடியில் தெரிவது வாஷரா, அது உட்காரும் இடமா? பழையதன் மேல் புதியதை வைத்தால் நாசில் ஒரு வாஷர் கனத்துக்கு மேலே ஏறி நிற்கும், பிஸ்டன் குழியில் டீசல் சரியாக விழாது. தூக்கம் வரவில்லை.

மார்ச் 7
"வண்டி எப்போ கிளம்பும்?" என்றார் அப்பா. சீக்கிரம்ப்பா என்றேன்.

மார்ச் 8
ஆறாவது வாஷர் வந்துவிட்டது! மரை போடும் டேப்பை அதன் துளைக்குள் கையாலேயே மெல்லத் திருகி, கடித்ததும் நேராக இழுத்தேன். செம்புத் தூள் சிலிண்டருக்குள் விழாமல் இருக்கப் பல்லில் கிரீஸ் தடவியிருந்தேன். வாஷரின் ஓரத்தில் மயிர் கனத்துக்கு ஒரு கரிக்கோடு. கேஸ் ஊதிய வழி அது.

மார்ச் 9
கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீல். ஷாஃப்டில் பழைய சீலின் உதடு ஓடிய இடத்தில் நகம் தட்டுகிற அளவுக்குப் பள்ளம். புதுசு அதிலேயே உட்கார்ந்தால் மறுபடி ஒழுகும். கொஞ்சம் தள்ளி உட்கார வைத்தேன். இது டெஃப்லான் சீல், ஆயில் தடவாமல் காய்ந்தபடியே ஏற்ற வேண்டும். பழக்கத்தில் கை ஆயில் கேனுக்குப் போய்விட்டது, நல்லவேளை நிறுத்திக்கொண்டேன். இன்ஜினுக்குள் சேரும் கேஸ் வெளியேறும் பிரீதர் குழாயில் பாதி அடைப்பு. அதை அப்படியே விட்டிருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி இந்தச் சீலும் ஒழுகியிருக்கும்.

மார்ச் 10
மழை. பைப் வாய்களெல்லாம் மூடியிருக்கிறதா என்று மூன்று முறை போய்ப் பார்த்தேன்.

மார்ச் 11
புது வாஷர் ஆறு. எண்ணி எண்ணி வைத்தேன். ஒவ்வொரு புது இன்ஜெக்டர் தலையிலும் பொறித்திருந்த குறியீட்டை வண்டியின் கம்ப்யூட்டரில் ஏற்றியாயிற்று. ஆயில், ஃபில்டர், கிளட்ச் பிளேட் எல்லாம் புதுசு. கைப்பம்பை அடித்து டீசல் லைனிலிருந்த ஏரை வெளியேற்றினேன்.

மார்ச் 12
ஸ்டார்ட் ஆனது. முதலில் வெள்ளைப் புகை, அப்புறம் ஒரே சீராக ஓட்டம். பைப் ஜாயின்ட் எதிலும் கை வைக்கவில்லை. 1,600 பார் வரை அழுத்தம் ஏறும் லைன், அதிலிருந்து பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அட்டையைக் காட்டித்தான் பார்த்தேன், ஈரமில்லை. அப்பா வாசல்வரை வந்து நின்று கேட்டார்.

ராத்திரி கியர்பாக்ஸுக்குக் கீழே அட்டை விரித்தேன். பத்து மணிக்கு ஒரு பொட்டு. புது ஆயிலா, துடைக்காமல் விட்ட பழசா, தெரியவில்லை. பேனாவால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.